சிவந்த கண் ஏரியும் எங்கள் நல்ல செருவும்

"அங்கிள், இடது பக்கம்! உங்க இடது பக்கம் பாருங்க!"

மருமகன் டோனல் ஆங்கிலத்தில் கத்திய சத்தத்துக்குக் கரையில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். கோரைக்கு மேலே, தண்ணீரைத் தொட்டுவிடும் உயரத்தில், பழுப்பு நிறத்தில் பெரிய பறவை ஒன்று வந்துகொண்டிருந்தது. சிறகை அடிக்கவில்லை. பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வழுக்கி வந்தது. எங்களுக்கு மிக அருகில் வந்ததும் உடம்பைச் சாய்த்து, முகத்துக்கு நேரே கடந்து, வலது பக்கம் போய் மறைந்தது.

என் கணவர் தலையைத் திருப்பினார். "ஹவ், ஹவ். பாத்துட்டேன்" என்றார். வெள்ளைக்காரரிடம்கூட 'ஆமாம்' என்பதற்கு அவர் வாயில் முதலில் வருவது அந்தச் செகந்திராபாத் 'ஹவ்'தான்.

ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பறவை இல்லை. ஆகாயத் தாமரைதான் இருந்தது.

டோனல் பைனாகுலரைக் கழுத்தோடு தொங்கவிட்டார். பறவை போன திசையைப் பார்க்காமல் என் கணவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் பேச மாட்டேன் என்கிறாரே, அந்த வருத்தம்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஏரியைப் பார்த்துக்கொள்கிற வேலை

போன வாரம் இந்தப் பகுதியை என் மகளின் கல்யாணச் சேதியோடு நிறுத்தியிருந்தேன். மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எல்லாம் சரிங்க. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்னு எழுதாம விட்டுட்டீங்களே?"

வேண்டுமென்றுதான் விட்டேன். அந்தக் கேள்வியால் எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சு நின்றிருந்தது.

பெனிட்டா எங்களுக்கு ஒரே பெண். கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்துவிட்டு அயர்லாந்துக்கு வேலைக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, நான் சேலைகூட மாற்றவில்லை, அவளிடமிருந்து ஃபோன் வந்தது. டோனல் என்கிற ஐரிஷ்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். "சொன்னா டாடி வேண்டாம்னுதான் சொல்லுவார். அதான்" என்றாள், ஆங்கிலத்தில். எங்கள் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோதான் வரும். இந்த ஊரில் படித்த பிள்ளைகள் அப்படித்தான்.

என் கணவர் ஃபோனை வாங்கிக் கேட்டது ஒரே கேள்வி. "பையன் என்ன பண்றான்?"

"ஹி லுக்ஸ் ஆஃப்டர் எ லேக், டாடி."

"ஏரிய என்னத்த பாத்துக்கிறது? அது எங்க ஓடிடப் போவுது?"

அதோடு ஃபோன் என் கைக்கு வந்துவிட்டது.

ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த பேட்டை எங்களுடையது. இங்கே ஒரு மனிதருக்குப் பெயருக்கு முன்னால் பதவி இருக்கும். என் கணவர் சவரிமுத்து அந்தத் தொழிற்சாலையில் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஒரு முள் மயிரிழை விலகி நின்றாலும் "இது பாஸ் ஆகாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார் என்று பேர். அப்படிப்பட்டவர், மருமகன் ஏரியைப் பார்த்துக்கொள்கிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வார்? பக்கத்து வீட்டில் கேட்டபோது, "வாட்டர் ரிசோர்சஸ்ல சயின்டிஸ்ட்" என்றார். நான் டீயை ஊற்றிக்கொண்டே வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பெனிட்டா ஃபோன் செய்யும்போதெல்லாம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான். "நல்லா இருக்கியா? சரி, மம்மிகிட்ட பேசு."

எந்த டெர்க்?

நான் செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். மகள் போன இடத்தை வரைபடத்தில் தேடாமல் இருப்பேனா? லாக் டெர்க் என்றாள். 'லாக்' என்றால் அவர்கள் மொழியில் ஏரி. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் எள்ளளவு நீலம்.

எங்கள் பங்குத் தந்தையிடம் அந்தப் பேரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "புண்ணிய பூமிம்மா! அந்த ஏரி நடுவுல ஒரு தீவு. ஜனங்க வெறுங்கால்ல, ஒருசந்தி விரதம் இருந்து செபம் பண்ணுவாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் குரல் இளகியிருந்தது. சாப்பிடும்போது, "வெறுங்கால்லயா? அந்தக் குளிர்லயா?" என்று அவராகவே கேட்டார்.

அடுத்த முறை பேசும்போது பெனிட்டாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மம்மி, அது வேற டெர்க். அது ரொம்ப வடக்கே இருக்கு. எங்களுது ஷானன் ஆத்து மேல."

ஒரே பேரில் இரண்டு ஏரி. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் பேர் நல்ல செருவு. ஹைதராபாத்தில் அந்தப் பேரில் இன்னும் சில உண்டு. தெலுங்கில் செருவு என்றால் ஏரி. 'நல்ல' என்றால் கறுப்பு. கரிசல் மண்ணில் நிற்கிற தண்ணீர் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும். அதனால் அந்தப் பேர் என்பார்கள். சென்னையிலிருந்து புதிதாக வந்து எங்கள் தெருவில் குடியேறிய ஒரு அம்மாள் முதல் நாளே மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "இதுக்குப் போய் நல்ல ஏரின்னு பேர் வெச்சிருக்காங்களே, யாரு மேல கோபம்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு பக்கமும் சாக்கடை வந்து விழுகிறது. மழைக்காலத்தில் நுரை எழும்பிக் கரைமேல் ஏறும். மல்லாபூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கரைச் சாலையைக் கடக்கும்போது முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வார்கள். ஆனாலும் மார்கழி பிறந்தால் எங்கிருந்தோ பறவைகள் வந்துவிடும். அவற்றுக்கு மூக்கு கிடையாதோ என்னவோ.

மகளுடைய ஏரியைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல நான் வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். வடக்கேயிருந்து ஷானன் ஆறு வருகிறது. ஓரிடத்தில் வேகம் குறைந்து இரண்டு பக்கமும் அகன்று, இரை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி நீளமாகப் படுத்துவிடுகிறது. அதுதான் ஏரி. மூன்று மாவட்டங்கள் அதன் கரையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வடக்கே சுண்ணாம்புக்கல் தரை, ஆழம் குறைவு. தெற்கே போகப் போக இரண்டு பக்கமும் மலைகள் நெருக்க, தண்ணீர் இருண்டு ஆழமாகிறது. அந்த முனையில் ஒரு பழைய கல்பாலம். அதைத் தாண்டினால் மறுபடியும் ஆறு. பாலத்துக்குப் பக்கத்தில்தான் மகள் வீடு.

விமான நிலையத்தில்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். என் கணவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "கைக்கு? நான் எதுக்கு? நீ போய்க் கூட்டிட்டு வா" என்றவர், கடைசி நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தார்.

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம். பெனிட்டா இடது பக்க வாசலிலிருந்து வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். அவர் நேரே எதையோ பார்த்துக்கொண்டு கல் மாதிரி நின்றார். தூக்கிய கையை அவள் மெதுவாக இறக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரைக் கடந்து நேராக என்னிடம் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நெட்டையாக, வெயில் படாத முகத்தோடு, காதெல்லாம் சிவந்து, டோனல் பின்னால் நின்றார். என் கணவர் அவரிடம் கை கொடுத்தார். மகளிடம் ஒன்றும் பேசவில்லை.

வீடு வரும்வரை வண்டியில் டிரைவர் போட்டிருந்த தெலுங்குப் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 'இவ்வளவு கல்நெஞ்சா இந்த மனுஷனுக்கு' என்று நான் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டோனல் மாடியிலிருந்து செருவைப் பார்த்துவிட்டு, "போகலாமா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். மரியாதைக்காக என் கணவரும் வந்தார். அப்படித்தான் நாங்கள் மூவரும் அந்தப் பனியில் கரைமேல் போய் நின்றது.

கல்கல் உருட்டும்போது

அன்று மத்தியானம் நான் கல்கல் செய்துகொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளில் செய்கிற பலகாரம். மாவைச் சின்னதாகக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி எண்ணெயில் போட வேண்டும். டோனல் தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து உருட்டத் தொடங்கினார். பெரிய விரல்கள். ஆனாலும் வரி பிசகாமல் வந்தது.

கொஞ்ச நேரம் உருட்டியபின், தலையைத் தூக்காமலே சொன்னார். "ஆன்ட்டி, நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. அங்கிளுக்கு இடது பக்கம் தெரியலைன்னு நினைக்கிறேன்."

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

"படகுல ஜனங்களைக் கூட்டிட்டுப் போறது என் வேலைல ஒண்ணு. யாரு எந்தப் பக்கம் பாக்கறாங்கன்னு கவனிச்சுப் பழக்கம். காலைல அவ்வளவு பெரிய பறவை வந்தது. அவர் கண்ணு அசையவே இல்ல. நான் கத்தினதும் தலையைத்தான் திருப்பினார்."

இடது பக்கம் வைத்த தம்ளரை அவர் தட்டிவிடுவதும், நான் 'பாத்து வைக்கக் கூடாதா' என்று சலித்துக்கொள்வதும் நினைவுக்கு வந்தன. ஸ்கூட்டரின் இடது கண்ணாடி ஒரு மாதமாக உடைந்து தொங்குகிறது. கோயிலில் இப்போதெல்லாம் பெஞ்சின் இடது ஓரத்தில்தான் உட்காருகிறார். அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது என்றா?

கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை. வந்து ஒரு நாள் ஆனவருக்குத் தெரிந்துவிட்டது.

பெனிட்டா சமையற்கட்டு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கூடத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய இடது பக்கம் போய் நின்றாள். கைக்கு எட்டுகிற தூரம். அவர் பக்கத்தைத் திருப்பினார். அவள் நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அவள் மெதுவாகப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்தாள். அவர் நிமிர்ந்து, "எப்ப வந்த?" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாடி, ஏர்போர்ட்ல நீங்க என்னைப் பாக்கலியா?"

தமிழில் கேட்டாள். அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு தமிழ் வாக்கியம் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"எங்க பாத்தேன்? திரும்பினா நீ மம்மியக் கட்டிட்டு நிக்கற. என்கிட்ட வரணும்னு உனக்குத் தோணல. சரி, கோவமா இருக்கா, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நான் கை காட்டினேன் டாடி. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் பேப்பரை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். பிறகு, "கை காட்டினியா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியல பாப்பா. சத்தியமா தெரியல."

அவள் அவர் முழங்காலில் சாய்ந்து அழ, அவர் கை அவள் தலையைத் தேடிப் பிடித்துத் தடவியது. நான் சமையற்கட்டுக்குத் திரும்பினேன். டோனல் யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து மாவு முழுவதையும் உருட்டி முடித்திருந்தார்.

சொட்டு மருந்து

ஆஸ்பத்திரி என்றதும் இவர் வழக்கம்போல, "நக்கோ, வேணாம். புரைதான் இது. கிறிஸ்துமஸ் ஆவட்டும், பாக்கலாம்" என்றார்.

"நக்கோ டாடி. நாளைக்கே" என்றாள் மகள், அவர் குரலிலேயே. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் சோதனைகள் நடந்தன. கண்ணின் உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது என்றார் டாக்டர். வலியே இருக்காதாம். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருமாம். இடது கண் பெரும்பாலும் போயிருந்தது. போனது திரும்பாது. வலது கண்ணின் விளிம்பிலும் தொடங்கியிருந்தது. ஆனால் இப்போதே வந்ததால் அதைக் காப்பாற்றலாம் என்றார். தினம் சொட்டு மருந்து. ஸ்கூட்டர் கூடாது.

இன்னொரு சோதனைக்காகக் கண்ணில் மருந்து விட்டு, மூடிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். ஸ்டீல் நாற்காலி வரிசையில் அவரும் டோனலும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நானும் பெனிட்டாவும் எதிரே. கண்ணை மூடிக்கொண்டதும் மனிதர்களுக்குப் பேசுவது சுலபமாகிவிடும்போல. அதுவரை மருமகனிடம் வெறும் 'யெஸ்', 'நோ' என்று இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"உங்க ஏரி பேருக்கு என்ன அர்த்தம்?"

டோனல் எங்களைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். "டெர்க்னா எங்க பாஷைல சிவப்பு, அங்கிள். நிறைய பேர் சிவப்பு ஏரின்னு நினைக்கிறாங்க. ஆனா பழைய பேர் அது இல்ல. சிவந்த கண் ஏரி."

எனக்கு இந்த இடத்தில் இந்தப் பேச்சு வேண்டாமே என்று இருந்தது. பெனிட்டா டோனலை முறைத்தாள்.

"கண்ணா?" என்றார் என் கணவர். "சொல்லு, சொல்லு."

"ஒரு ராஜா. அவருக்கு ஒரே ஒரு கண்ணுதான். அந்தக் காலத்துல கவிஞர் கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாது, சொன்னா மானம் போயிடும். ஒரு கவிஞர் வந்தார். பரிசா அந்தக் கண்ணையே கேட்டார்."

"குடுத்துட்டானா?"

"தோண்டி எடுத்துக் குடுத்துட்டார். அப்புறம் வேலைக்காரன் கையைப் பிடிச்சு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனான். ராஜா முகம் கழுவினார். தண்ணி பூரா சிவந்துடுச்சுன்னு வேலைக்காரன் சொன்னான். அப்ப அதுவே இதுக்குப் பேரா இருக்கட்டும்னார் ராஜா."

அவர் மூடிய கண்ணோடு யோசித்தார். "அந்தக் கவிஞன் ராஸ்கல்" என்றார்.

டோனல் சிரித்துவிட்டார். "நாங்களும் அவனை இன்னும் மன்னிக்கல, அங்கிள்."

"இருக்கறது ஒரு கண்ணு. அதுலதான் ராஜ்ஜியத்தையே பாத்தாவணும். அதையும் எடுத்துக் குடுத்துட்டா அப்புறம் யார் பாக்கறது? ராஜாவும் தப்புதான்."

"குடுத்த மனசுக்காகக் கடவுள் ரெண்டு கண்ணையும் குடுத்தார்னு கதையை முடிக்கறவங்களும் உண்டு. எங்க ஸ்கூல்ல சிஸ்டர் அப்படித்தான் முடிப்பாங்க."

"சிஸ்டர்னா அப்படித்தான் முடிப்பாங்க" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி அப்புறம் தெளிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெளிஞ்சுது அங்கிள். பேர் மட்டும் நின்னுடுச்சு."

இமைக்கடியிலிருந்து ஒரு துளி வழிந்து அவர் கன்னத்தில் இறங்கியது. மருந்தாகவும் இருக்கலாம். டோனல் பஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தார்.

எவ்வளவு ஆழம்வரை தெரிகிறது

அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஃபோன் முதலில் என் கணவர் கைக்குப் போக ஆரம்பித்தது. செருவில் என்ன பறவை, நுரை எவ்வளவு, ஆகாயத் தாமரை எந்தக் கரையை மூடியிருக்கிறது என்று மருமகனுக்கு அறிக்கை கொடுப்பார். ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். விற்ற அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து நடக்கத் தொடங்கினார். கரையில் சில பேர் சேர்ந்து பிளாஸ்டிக் பொறுக்குவார்கள். "கடலை டீஸ்பூனால மொள்றானுங்க" என்று அவர்களைக் கேலி செய்தவர், இப்போது அவர்களோடு கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். இடது பக்கம் நான்.

அடுத்த கோடையில், இங்கே தார் உருகுகிற வெயிலில், நாங்கள் அயர்லாந்து போனோம்.

ஏரியைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இது சிவப்பா இல்லியே." சாம்பல் நிறத்தில், மேகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அது கிடந்தது. ஈரப் புல்லும் புகையும் கலந்த வாசனை. காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்து விலா எலும்பைத் தொட்டது.

டோனல் எங்களைத் தன் வேலைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். நடுவில் நிறுத்தி, கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகம் தீட்டிய வட்டத் தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். அது கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றில் இருக்கும் அளவைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பதற்கு அதுதான் கணக்கு.

அவர் அந்தக் கயிற்றைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். தொழிற்சாலைப் பார்வை. "நான் பாக்கலாமா?" என்றார்.

டோனல் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு இடது பக்கம் வந்து நின்று, அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் குனிந்து, வலது கண்ணைத் தண்ணீருக்கு நேரே வைத்து, அங்குலம் அங்குலமாகக் கயிற்றை விட்டார். மறைந்ததும் நிறுத்தினார். கொஞ்சம் தூக்கி, மறுபடி இறக்கி, சரிபார்த்து, அளவைச் சொன்னார். பிறகு டோனல் பார்த்தார். அதே அளவு.

"பாஸ்" என்றார் என் கணவர். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் ஓய்வு பெற்ற பிறகு பார்த்ததில்லை. "இது குவாலிட்டி கன்ட்ரோல்டா! ஏரிய பாத்துக்கறேன்னா எனக்கு என்ன புரியும்? முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

"தண்ணி நல்லா தெளிவாத்தானே இருக்கு?" என்றேன் நான்.

"அதுதான் ஆன்ட்டி கஷ்டம்" என்றார் டோனல். கரைக்கு வந்ததும் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் விரல் நகம் அளவுக்குச் சிப்பிகள், வரிக்குதிரை மாதிரி கோடு போட்டு, இடம்விடாமல் ஒட்டியிருந்தன. வேறு நாட்டிலிருந்து வந்தவை. வேறெங்கோ ஓடிய படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு இந்த ஏரிக்குள் நுழைந்துவிட்டன. தண்ணீரில் இருக்கிற சத்தையெல்லாம் வடிகட்டித் தின்றுவிடுவதால் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் இங்கேயே பிறந்த சிப்பிகள் மூச்சுவிட இடமில்லாமல் சாகும். இனி இவற்றை எடுக்கவே முடியாதாம். இங்கிருந்து இன்னொரு ஏரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் கையில் இருக்கிறது. அதனால் படகோ, தூண்டிலோ, காலணியோ, எதுவானாலும் நன்றாகப் பார்த்து, கழுவி, காயவைத்துவிட்டுத்தான் அடுத்த தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். கரையில் பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். டோனல் படகைக் கழுவக் கழுவ இவர் அடிப்பாகத்தைக் கையால் தடவித் தடவிச் சோதித்தார்.

ஒரு நாள் கடற்கழுகையும் காட்டினார். அந்த நாட்டில் வெகுகாலத்துக்கு முன்பே அற்றுப்போன பறவையாம். நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு, அவற்றில் சில இந்த ஏரித் தீவு ஒன்றில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தனவாம். தொலைநோக்கியில் இவர் வலது கண்ணை வைத்து ரொம்ப நேரம் தேடினார். நான், பெனிட்டா, முன்பின் தெரியாத இரண்டு பேர், எல்லோரும் வரிசையில் காத்திருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஹவ்" என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "உக்காந்திருக்கு. நம்மளத்தான் பாக்குது."

இந்த முறை அவர் உண்மையாகவே பார்த்திருந்தார்.

திரும்பி வந்த அன்று

கிளம்புகிற நாள் காலையில், கடைசியாக ஒரு தடவை தொட்டுவிட்டு வருகிறேன் என்று இவர் ஏரி ஓரத்துக்குப் போனார். கால் வழுக்கி, ஷூவோடு சேற்றில் இறங்கிவிட்டார். ஈர ஷூவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம்.

ஹைதராபாத் வந்து சேர்ந்து, பெட்டியைத் திறந்து, நான் காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஆளைக் காணோம். வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய பல்துலக்கும் பிரஷால் ஷூவின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் கட்டை விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பார்வை எட்டாத இடத்தில் அவருக்கு இப்போது விரல்தான் கண்.

"என்னங்க, வந்ததும் வராததுமா? வேலைக்காரம்மா வந்து கழுவ மாட்டாளா?"

"அங்கத்துச் சேறு ரோஸி. இதைப் போட்டுட்டு எப்படி நம்ம செருவுக்குப் போறது? சிப்பி கிப்பி ஒட்டியிருந்தா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காற்று செருவுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அதன் நாற்றம் எங்கள் வாசல்வரை வந்து நின்றது. "நம்ம செருவுல இல்லாததா? எல்லா அழுக்கும்தான் வந்து சேருதே. ஒரு சிப்பி வந்துதான் கெடப்போகுதா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார்.

"இருக்கற கஷ்டம் அதுக்குப் போதும். புதுசா ஒண்ணு நம்மால வரக் கூடாது."

ஷூவின் நாக்கை வெளியே இழுத்துவிட்டு, மதில்மேல் வெயில் படுகிற இடமாகத் தடவிப் பார்த்து, ஜோடியாக வைத்தார். காய்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. நடைக்கு நேரமாயிற்று என்று என்னுடைய பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். குதிகால் இரண்டும் வெளியே நின்றன. நான் ஓடிப்போய் இடது பக்கம் சேர்ந்துகொண்டேன்.